கப்பலும் கல்நாரும்: கிளைட் ஆற்றங்கரைத் தொழிலாளர் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

1

கைத்தொழில் முதலாளித்துவத்தின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் உற்பத்தியான பொருளின் வரலாற்றையே எழுதியுள்ளனர். நெசவாலையின் வரலாறு துணியின் வரலாறாகவும், சுரங்கத்தின் வரலாறு நிலக்கரியின் வரலாறாகவும் அமைந்துவிடுகின்றன. அப்பொருளை உற்பத்தி செய்த மனித உடல் என்னவாயிற்று என்ற வினா மருத்துவர்க்குரியதென ஒதுக்கப்பட்டு வந்துள்ளது. மார்க்சிய மூலவர்கள் இவ்வினாவை அவ்வாறு ஒதுக்கினாரல்லர். 1845ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்துத் தொழிலாள வர்க்கத்தின் நிலை பற்றிய நூலிலே, ஷெபீல்ட் நகரத்துக் கத்தி தீட்டுவோர் உலோகத் தூளையும் கல் தூளையும் சுவாசித்து இளவயதில் மாண்டமையை ஏங்கல்ஸ் விரிவாகவே எழுதினார். மார்க்சும் மூலதனத்தின் முதற் பாகத்திலே லெனாட் ஹோர்னர் முதலிய தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளைத் தலையாய சான்றுகளாகக் கொண்டார். எனினும் பின்வந்த இடதுசாரி வரலாற்றாசிரியர் பலர் வேலைநிறுத்தங்களையும் கட்சிகளையும் தலைவர்களையும் பற்றி எழுதிய அளவிற்குச் சுவாசப்பையைப் பற்றி எழுதவில்லை.

இக்குறைபாட்டை உணர்த்துவதற்கு ஸ்கொட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டுந் தளங்களை விடப் பொருத்தமான களம் அரிது. தொழிலாளர் இயக்க வரலாற்றிலே பெருமையுடன் குறிப்பிடப்படும் இடம் அது. 1915ஆம் ஆண்டின் வாடகை மறுப்புப் போராட்டமும், 1919 ஜனவரி 31ஆந் திகதி கிளாஸ்கோ நகர மையத்தில் நாற்பது மணி நேர வேலை வாரம் கோரித் திரண்ட தொழிலாளர் பொலிசாரின் தடியடிக்கு ஆளானமையும், ஜோன் மக்லீனின் வாழ்வும் உலகெங்குமுள்ள முற்போக்காளர் அறிந்தவை. அதே ஆற்றங்கரையிலே, அதே தொழிலாளரின் உடலுள்ளே, எவ்வித ஆரவாரமுமின்றி நிகழ்ந்த மற்றொரு வரலாறும் உண்டு. அது கல்நார் எனப்படும் அஸ்பெஸ்டோஸின் வரலாறு. அதனையே நாம் இக்கட்டுரையில் நோக்க முற்படுகின்றோம்.

2

முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டான 1913இல் உலகில் நீரில் இறக்கப்பட்ட கப்பல்களின் மொத்தத் தொன்னளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கிளைட் ஆற்றிலே கட்டப்பட்டது. லூசித்தானியா, அக்குவித்தானியா, குயீன் மேரி, குயீன் எலிசபெத் எனப் பெயர் பெற்ற பெருங்கப்பல்கள் கிளைட்பாங்க் என்னும் ஊரிலுள்ள ஜோன் பிறவுண் தளத்திலிருந்தே கடலுக்குச் சென்றன. இக்கப்பல்களுக்கும் காலனித்துவ வணிகத்துக்குமிடையிலான தொடர்பு தற்செயலானதன்று. 1890இல் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோவிற் பிறந்தவர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஆற்றங்கரைத் தொழிலாளியின் உழைப்பும் மலையகத் தொழிலாளியின் உழைப்பும் ஒரே நகரத்தின் வணிகக் கணக்கேடுகளிற் பதியப்பட்டிருந்தன.

கப்பல் கட்டும் தொழில் கலை இலக்கியத்திலும் இடம்பெற்றது. ஜோர்ஜ் பிளேக் 1935இல் வெளியிட்ட 'கப்பல் கட்டுவோர்' என்னும் நாவல், தளமொன்றின் முதலாளியையும் தறையாணி அறையும் தொழிலாளி ஒருவனையும் இணை பாத்திரங்களாக வைத்துப் பொருளாதார மந்த காலத்தைச் சித்திரித்தது. இரண்டாம் உலகப் போரின்போது அரசின் போர்க்கால ஓவியர் குழுவின் ஏற்பாட்டில் ஸ்ரான்லி ஸ்பென்சர் போர்ட் கிளாஸ்கோவிலுள்ள லித்கோ தளத்திற்குச் சென்று, தகடு வெட்டுவோர், தறையாணி அறைவோர், உருக்கி ஒட்டுவோர், கயிறு கட்டுவோர், குழாய் பொருத்துவோர், உலைவேலை செய்வோர் என ஒவ்வொரு தொழிலாக நீண்ட பலகைகளில் வரைந்தார். கிளைட் பற்றிய 'பெருங் கப்பல்கள் கடல் நோக்கி' என்னும் விவரணப் படம் 1961ஆம் ஆண்டுக்குரிய ஒஸ்கார் பரிசைப் பெற்றது.

இப்படைப்புகளின் கலைத்தரம் எமது கரிசனை அன்று. அவற்றிற் காணப்படாதவன் யார் என்பதே எமது வினா. ஸ்பென்சரின் பலகைத் தலைப்புகளிலே 'லாகர்' எனப்படும் வெப்பக் காப்பிடுவோனுக்கு இடமில்லை. கொதிகலனையும் நீராவிக் குழாயையும் கல்நார்ப் பசையாலும் பஞ்சணைகளாலும் போர்த்துபவன் அவன். தறையாணி அறைபவனின் சுத்தியலில் தீப்பொறி பறக்கும். உருக்கி ஒட்டுபவனின் முகமூடியில் ஒளி தெறிக்கும். காப்பிடுபவனோ கப்பலின் வயிற்றினுள்ளே வெண்டூசு படிந்து முழந்தாளிட்டிருப்பான். தொழிலாளியை வீரனாகக் காட்ட விரும்பிய கலைக்கு அவன் தகுந்த பொருளாகத் தோன்றவில்லை. இது தனிக் கலைஞரின் குறையன்று. உழைப்பின் ஆற்றலைக் கொண்டாடிய ஓர் அழகியல் உழைப்பின் விலையைக் காணத் தவறியமைக்கு இதனை உதாரணமாகக் கொள்ளலாம். முற்போக்கு இலக்கியத்திற்கும் இவ்விமர்சனம் பொருந்தும்.

3

கப்பலுக்குக் கல்நார் ஏன் வேண்டப்பட்டது? நீராவிப் பொறியின் வெப்பம் வீணாகாது காக்கப்பட வேண்டும்; நெருக்கமான பொறியறையில் வேலை செய்வோர் குழாய்களிற் படுவதால் ஏற்படும் தீக்காயமும் தவிர்க்கப்பட வேண்டும். தீயில் எரியாததும், நூலாக நூற்கவும் பசையாகக் குழைக்கவும் பலகையாக அழுத்தவும் கூடியதும், எல்லாவற்றிற்கும் மேலாக மலிவானதுமான இக்கனிப்பொருள் அதற்கு வாய்ப்பாயிற்று. வெண் கல்நார் பெரும்பாலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலிருந்தும், கபில நிறக் கல்நாரும் நீலக் கல்நாரும் தென்னாபிரிக்காவிலிருந்தும் வந்தன. கபில வகைக்கு வழங்கும் 'அமோசைற்' என்ற பெயரே தென்னாபிரிக்கக் கல்நார்ச் சுரங்கக் கம்பனியொன்றின் பெயர்ச் சுருக்கத்தினின்று பிறந்தது. கனிப்பொருளின் பெயரிலும் கம்பனியின் முத்திரை!

இன்னொரு காரணமும் உண்டு. 1934 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் கரையோரத்தில் மொறோ காசில் என்னும் பயணிகள் கப்பல் தீப்பிடித்து 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னர் பயணிகள் கப்பல்களில் தீத்தடுப்பு விதிகள் இறுக்கமாயின. அறைகளைப் பிரிக்கும் சுவர்களிலே கல்நார்ப் பலகைகள் பெருமளவிற் புகுந்தன. பயணிகளின் உயிரைக் காக்கவென எழுந்த நியாயமான ஏற்பாடொன்று, அப்பலகைகளை வாளால் அறுத்த தச்சரின் உயிரை விலையாகக் கொண்டது. ஒரே பொருள் ஒரு வர்க்கத்தினர்க்குப் பாதுகாப்பாகவும் மற்றொரு வர்க்கத்தினர்க்கு நஞ்சாகவும் அமையும் இம்முரண்பாட்டைத் தொழில்நுட்பத்தின் விதி எனக் கொள்வது தவறாகும். பலகையை ஈரப்படுத்தி அறுக்கலாம். தூசை உறிஞ்சும் பொறி வைக்கலாம். அறுக்கும் வேலையைத் தனி இடத்திற்கு மாற்றலாம். இவை யாவும் அன்றே அறியப்பட்டவை. செலவும் தாமதமுமே தடையாயின.

கல்நாரின் தீங்கு அதன் இழையின் வடிவிலே தங்கியுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத அளவிற்கு நுண்ணியதாகப் பிளவுபடும் இவ்விழைகள் மூச்சோடு சென்று சுவாசப்பையின் ஆழத்திற் தங்கிவிடுகின்றன. உடல் அவற்றைக் கரைக்க மாட்டாது. இழையைச் சூழ்ந்து தழும்புத் திசு வளர, சுவாசப்பை மெல்ல இறுகிப்போவது 'அஸ்பெஸ்டோசிஸ்' எனப்படும் கல்நார் நோயாகும். சுவாசப்பைப் புற்றுநோய் இரண்டாவது. சுவாசப்பையையோ வயிற்றறையையோ சூழ்ந்த மென்சவ்விற் தோன்றும் 'மீசோதீலியோமா' என்னும் புற்றுநோய் மூன்றாவது. இம்மூன்றாவது நோய் முதன்முதலில் தூசை நுகர்ந்து முப்பது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் வெளிப்படக் கூடியது. வெளிப்பட்ட பின் பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டுகளுள் இறந்துவிடுகின்றனர். காரணத்திற்கும் விளைவிற்குமிடையிலான இந்நீண்ட இடைவெளியே முதலாளிகளின் மிகப் பெரிய துணையாக இருந்துள்ளது. இயந்திரத்திற் கையிழந்தவன் தளத்தின் வாயிலிலேயே சாட்சியாக நிற்பான். கல்நார் நோயாளி சாட்சி சொல்ல வரும் வேளையில் தளமே மூடப்பட்டிருக்கும்.

4

'அக்காலத்தில் எவருக்கும் தெரியாது' என்பது இவ்விடயத்தில் அடிக்கடி முன்வைக்கப்படும் வாதமாகும். இதனைச் சற்று விரிவாக நோக்குதல் அவசியம்.

1898ஆம் ஆண்டிலேயே பிரித்தானியாவின் பெண் தொழிற்சாலைப் பரிசோதகர்களுள் ஒருவரான லூசி டீன், கல்நார்த் தூசின் கூரிய, கண்ணாடித் துண்டு போன்ற தன்மையைச் சுட்டி அதன் தீங்கைத் தமது அறிக்கையிற் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு இலண்டன் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் மொன்ரேகு மறே என்னும் வைத்தியரிடம் கல்நார் ஆலைத் தொழிலாளி ஒருவர் வந்தார். அவருடன் ஒரே அறையில் வேலை செய்த ஏனைய ஒன்பதின்மரும் முப்பது வயதளவில் இறந்துவிட்டதாக அவர் கூறியதை வைத்தியர் 1906இல் அரசாங்கக் குழுவொன்றின் முன் சாட்சியமாக எடுத்துரைத்தார். அத்தொழிலாளியும் இறந்துவிட்டார். கல்நார் நோய் நட்டஈட்டுக்குரிய தொழில்நோய்ப் பட்டியலிற் சேர்க்கப்படவில்லை.

1924இல் றொச்டேல் நகரின் ரேணர் சகோதரர் ஆலையில் நூல் நூற்ற நெல்லி கேர்ஷோ என்னும் பெண் 33 வயதில் இறந்தார். பன்னிரண்டு வயதில் கல்நார் வேலைக்குச் சென்றவர் அவர். கம்பனி பொறுப்பேற்க மறுத்தது. நல்லடக்கச் செலவுக்குக்கூட உதவவில்லை. அவரது சுவாசப்பையை ஆராய்ந்த குக் என்னும் வைத்தியர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் அதனைப் பதிவு செய்து, 1927இல் நோய்க்கு 'அஸ்பெஸ்டோசிஸ்' எனப் பெயருமிட்டார். பெயரிடப்படாத நோய்க்கு நட்டஈடு கோர முடியாது. ஆகவே பெயரிடுதல் என்பதே இங்கு ஒரு வர்க்கச் செயலாக மாறியமை மனங்கொள்ளத்தக்கது.

அடுத்த அடி எடுத்துவைக்கப்பட்டது கிளாஸ்கோவிலேயே. 1928இல் அந்நகரில் கல்நார்த் தொழிலாளி ஒருவரின் நோய் பதிவானதைத் தொடர்ந்தே, தொழிற்சாலை மருத்துவப் பரிசோதகரான மெரிவெதர், பொறியியற் பரிசோதகரான பிறைசுடன் இணைந்து நாடளாவிய விசாரணை நடத்தினார். 1930இல் வெளியான அவர்களது அறிக்கையின்படி, சோதிக்கப்பட்ட 363 தொழிலாளருள் நால்வரில் ஒருவருக்குச் சுவாசப்பை இறுக்கம் காணப்பட்டது. 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தோரில் ஐவரில் நால்வருக்கு அந்நோய் இருந்தது. இதன் விளைவாக 1931இல் கல்நார்க் கைத்தொழில் ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன.

தூசைக் கட்டுப்படுத்திய முதலாவது முக்கிய சட்டம் என அவ்விதிகள் பாராட்டப்படுவதுண்டு. அப்பாராட்டு முற்றிலும் பொய்யன்று. ஆனால் அவை நடைமுறையில் கல்நார்ப் பொருள் உற்பத்தி செய்யும் ஆலைகளுடனேயே நின்றுவிட்டன. அவ்வாலையிலிருந்து மூட்டையாக வெளியேறிய அதே கல்நார், கப்பலின் பொறியறையிற் கொட்டிக் குழைக்கப்பட்டபோது அதனைத் தேடிச் சட்டம் செல்லவில்லை. ஆலையோ நிலையான இடம். தூசு உறிஞ்சும் பொறியை அங்கே பொருத்தலாம். கப்பலோ நாளுக்கு நாள் மாறும் வேலைத்தலம். பல ஒப்பந்தக்காரரின் ஆட்கள் ஒரே வேளையில் உழைக்கும் இடம். காப்பிடுவோர் தளத்தின் நேரடி ஊழியராகவன்றி, வெளி ஒப்பந்தக் கம்பனிகளின் ஆட்களாகவே பெரும்பாலும் வந்தனர். பொறுப்பு யாருடையது என்ற வினா எழும்போதெல்லாம் அது கைமாறிக்கொண்டே இருந்தது.

1945 ஆகஸ்டில், போர் முடிந்த தறுவாயில், பிரதம தொழிற்சாலைப் பரிசோதகர் கப்பல் கட்டும் முதலாளிகளுக்குக் கல்நார்க் காப்பு வேலையின் ஆபத்துக் குறித்துக் கடிதம் எழுதினார். அறியாமை என்ற வாதம் அத்துடனாவது முடிவுற்றிருக்க வேண்டும். கப்பல் கட்டும் வேலைக்கெனத் தனி ஒழுங்குவிதிகள் 1960இலேயே வந்தன. கல்நாரைக் கையாளும் வேலைகள் யாவற்றையும் அணைத்த விதிகள் 1969இல் இயற்றப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தன. கடிதத்திற்கும் இவ்விதிகளுக்குமிடையே கால் நூற்றாண்டு கழிந்தது.

5

விஞ்ஞானமும் இவ்விடயத்தில் நடுநிலையாக நின்றதென்று கூறுவதற்கில்லை. இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்காவின் கப்பல் தளங்களில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். அவற்றுள் நான்கு தளங்களிலே குழாய்க் காப்பிடுவோர் 1,074 பேரைச் சோதித்த ஆய்வொன்று 1946 ஜனவரியில் வெளியாயிற்று. மூவருக்கே கல்நார் நோய் கண்டதென்றும், ஆகவே இத்தொழில் ஒப்பீட்டளவிற் பாதுகாப்பானதென்றும் அது முடிவு கூறிற்று. இம்முடிவு பல ஆண்டுகளாக முதலாளிகளாலும் கடற்படை அதிகாரிகளாலும் எடுத்தாளப்பட்டது.

ஆய்வின் அட்டவணைகளைப் பார்ப்போர்க்கு வேறொரு செய்தி புலனாகும். சோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 95 பேர் பத்து ஆண்டுகளுக்கும் குறைவாகவே அத்தொழிலில் இருந்தனர். நோய் கண்ட மூவருமோ இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவர்கள். இருபது ஆண்டுகளில் முற்றும் நோயொன்றை, நேற்று வேலைக்குச் சேர்ந்தவனின் சுவாசப்பையிற் தேடிவிட்டு 'இல்லை' என்று கூறுவது எவ்வகை விஞ்ஞானம்? ஆய்வாளர்கள் இக்குறையை அறியாதவர்களல்லர். அவர்களது கட்டுரையிலேயே அது குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் முடிவுரையே மேற்கோள் காட்டப்பட்டது, அட்டவணை மறக்கப்பட்டது. இலக்கிய விமர்சகர்களாகிய நாம் பனுவலின் உள்முரணைத் தேடப் பழகியவர்கள். இவ்வறிக்கை அவ்வாறான வாசிப்பை வேண்டி நிற்கும் பனுவலாகும்.

1955இல் றிச்சட் டோல், 20 ஆண்டுகளாவது கல்நார்த் தூசில் வேலை செய்த 113 ஆண்களின் வரலாற்றை ஆராய்ந்தார். சுவாசப்பைப் புற்றுநோயால் ஒருவர்கூட இறப்பார் என எதிர்பார்க்க முடியாத அத்தொகையினருள் 11 பேர் இறந்திருந்தனர். ஆய்வுக்கு இடமளித்த கம்பனியின் பணிப்பாளர்கள் அதன் வெளியீட்டைத் தடுக்க முயன்றனர். 1960இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் அவரது துணைவரும் நீலக் கல்நார் வெட்டியெடுக்கப்படும் வட கேப் பிரதேசத்தில் மீசோதீலியோமா நோயாளர் 33 பேரைக் கண்டறிந்து எழுதினர். அவர்களிற் பலர் சுரங்கத் தொழிலாளரல்லர், அவ்வூர்களில் வாழ்ந்தவர்கள். 1964இல் நியூயோர்க்கில் செலிகொவ் வெளியிட்ட முடிவுகள் காப்பிடும் தொழிலாளரின் சங்கப் பதிவேடுகளைத் துணைக்கொண்டவை. அரச பதிவேடுகளும் கம்பனிக் கோப்புகளும் சொல்லாததைத் தொழிற்சங்க அங்கத்தவர் பட்டியல் சொல்லிற்று!

1965இல் நியூஹவுசும் தொம்சனும் இலண்டன் வைத்தியசாலைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, வரலாறு அறியப்பட்ட 76 நோயாளருள் 31 பேர் கல்நாரோடு நேரடியாக வேலை செய்திருந்தனர். ஒன்பது பேர் அத்தகைய தொழிலாளியுடன் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். கணவனின் வேலையுடையை உதறித் துவைத்த மனைவியர் இவர்களுள் அடங்குவர். எஞ்சிய 36 பேரில் 11 பேர் கல்நார் ஆலைக்கு அரை மைல் தூரத்துள் வசித்திருந்தனர். வேலைத்தலத்தின் மதிலோடு சுரண்டல் நின்றுவிடுகின்றது என எண்ணுவோர்க்கு இவ்வெண்கள் தக்க விடையாகும். கூலி பெறாத வீட்டுழைப்பும் மூலதனத்தின் கணக்கிற் சேர்க்கப்படாத விலையைச் செலுத்தியுள்ளது.

அதே 1965ஆம் ஆண்டின் ஜூலை மாதத்திலே கிளைட்பாங்கில் இரண்டாம் குயீன் எலிசபெத் கப்பலுக்கு அடிமரம் இடப்பட்டது. அதன் அறைகளிலே 'மரினைற்' எனப்படும் கல்நார்ப் பலகைகள் பொருத்தப்பட்டன.

6

தொழிலாளர் தமக்கு நேர்வதை அறிந்திருந்தனரா? வாய்மொழி வரலாற்றாய்வாளர்கள் கிளாஸ்கோத் தொழிலாளரிடம் பின்னாளிற் சேகரித்த நினைவுகள் இவ்வினாவிற்கு ஓரளவு விடை தருகின்றன. அவர்களது சொற்களே ஆய்வுக்குரியவை. குழைத்த கல்நார்ப் பசை அவர்கள் வழக்கில் 'குரங்குச் சாணம்'. தூசு படிந்த காப்பிடுவோர் 'வெள்ளெலிகள்'. மேலிருந்து உதிர்வது 'பனி'. பயிலுநராகச் சேர்ந்த பையன்கள் பசையை உருட்டிப் பனிப்பந்தென ஒருவர்மீதொருவர் எறிந்து விளையாடினர். ஆபத்தை அறியாதோரின் வெகுளித்தனமாக மட்டும் இச்சொற்களைக் கொள்ளுதல் பொருந்தாது. சகித்தே தீரவேண்டிய ஒன்றை எள்ளி நகையாடித் தமதாக்கிக்கொள்ளும் மொழி அது. நாட்டார் வழக்காற்றில் நாம் பலவிடத்தும் காண்பது.

காப்பிடுவோன் ஒருவனுக்கு மட்டுமுரிய ஆபத்தாகவும் அது இருக்கவில்லை. பொறியறை ஒரு கிணற்றைப் போன்றது. மேற்தட்டிற் காப்பிடுவோன் பழைய காப்பைப் பிரித்தெறிய, கீழே மின்னிணைப்பாளனும் குழாய் பொருத்துவோனும் வர்ணம் பூசுவோனும் அதே காற்றைச் சுவாசித்தனர். டெவன்போட் கடற்படைத் தளத்தில் ஹரிஸ் என்னும் மருத்துவர் 1960களின் பிற்பகுதியில் நடத்திய ஆய்வு இதனை ஐயத்திற்கிடமின்றி நிறுவியது. அங்கே மீசோதீலியோமாவுக்கு இரையானோர் பல்வேறு தொழில்களைச் சேர்ந்தவர்களாயிருந்தனர். கல்நாரைக் கையால் தொட்டறியாதோரும் அவர்களுள் அடங்குவர்.

இங்கு எமது தரப்பினரையே விமர்சிக்க வேண்டிய இடம் வருகின்றது. கிளைட் தொழிற்சங்கங்கள் கூலிக்காகவும் வேலைப் பிரிவின் எல்லைகளுக்காகவும் கடுமையாகப் போராடியவை. அழுக்கான வேலைக்கு மேலதிகப் படி கேட்பது அங்கு வழமை. தூசை நீக்கு என்று கேட்பதற்கு முன்னர் தூசுக்கு விலை கொடு என்று கேட்கும் பழக்கம் வேரூன்றியிருந்தது. 1930களின் வேலையின்மை அதற்கொரு காரணம். பட்டினியைக் கண்டவன் இருமலைக் கண்டு வேலையை விடமாட்டான். ஆண்மை பற்றிய எண்ணம் இன்னொரு காரணம். முகமூடி அணிவது கோழைத்தனம் எனக் கருதிய சூழலிற் பதினைந்து வயதுப் பையன் என் செய்வான்? பல சங்கங்களாகப் பிரிந்து நின்றமை மூன்றாவது. காப்பிடுவோர் சங்கம் எழுப்பிய குரலைக் கொதிகலன் தொழிலாளர் சங்கம் தனதாகக் கொள்ளவில்லை. 1960களிலும் 1970களிலும் முதலில் விழிப்புற்றுப் போராடியோர் கிளாஸ்கோக் காப்பிடுவோரே. தமது கிளையின் அங்கத்தவரின் மரண வயதை அவர்கள் எண்ணத் தொடங்கியிருந்தனர்.

1971 ஜூனில் மேல் கிளைட் கப்பல் கட்டுநர் நிறுவனம் வங்குரோத்தாயிற்று. 8,500 பேரளவிலான தொழிலாளரிற் பெரும்பகுதியினரை நீக்க எட்வேட் ஹீத்தின் அரசு முனைந்தது. ஜிம்மி றீட், ஜிம்மி எயர்லி முதலியோரின் தலைமையில் தொழிலாளர் வெளிநடப்புச் செய்யாது, தளங்களைத் தம் பொறுப்பிலெடுத்து வேலையைத் தொடர்ந்தனர். அப்போராட்டம் 1972 வரை நீடித்து அரசைப் பணியவைத்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொழிலாளர் இயக்கத்தின் உன்னத நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று என்பதில் எமக்கு ஐயமில்லை. எனினும் அப்போராட்டத்தின் கோரிக்கை வேலை செய்யும் உரிமையே. வேலையால் சாகாதிருக்கும் உரிமை அதன் பதாகைகளில் முன்னிடம் பெறவில்லை. அத்தொழிலாளரைக் குறை கூறுவதற்காக நாம் இதனைச் சொல்லவில்லை. ஹீத்தின் அரசு அவர்கள்முன் வைத்த தெரிவு வேலை அல்லது வேலையின்மை என்பதே. அத்தெரிவின் எல்லைகளை வரைந்தது மூலதனம். இயக்கத்தின் சிந்தனையும் அவ்வெல்லைக்குள் நின்றது. அந்நியமாதல் பற்றி றீட் 1972இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை புகழ்பெற்றது. உழைப்பாளி தன் உழைப்பினின்று அந்நியமாவதை மார்க்சியர் விளக்கியுள்ளனர். தன் சுவாசத்தினின்று அந்நியமாவதையும் அக்கோட்பாட்டினுள் வைத்து விளக்கும் கடமை எஞ்சியுள்ளது.

7

தளங்கள் மூடப்பட்ட பின்னரே நோய் முழு அளவில் வெளிப்பட்டது. கிளைட்பாங்கிலே கப்பல் தளத்துடன், டல்மியூர் பகுதியில் 1938 முதல் 1970 வரை இயங்கிய கல்நார்ச் சீமெந்து ஆலையும் சேர்ந்துகொண்டது. அவ்வூர் அடங்கும் மேற்கு டன்பாற்றன்ஷயர், பிரித்தானியாவில் மீசோதீலியோமா மரண வீதம் மிக உயர்ந்த பகுதிகளுள் ஒன்றாயிற்று. பட்டியலில் அதனோடு நிற்கும் பரோ, பிளிமத், போட்ஸ்மத் ஆகியனவும் கப்பல் தளங்களைக் கொண்ட ஊர்களே. நீல, கபிலக் கல்நார்களை 1985இலும் வெண் கல்நாரை 1999இலும் பிரித்தானியா தடைசெய்த போதிலும், 2010களில் ஆண்டொன்றுக்கு 2,500 பேரளவில் இந்நோயால் அந்நாட்டில் இறந்தனர்.

நட்டஈட்டுப் போராட்டத்தை முன்னெடுத்தோர் பெரும்பாலும் நோயாளரும் அவர்தம் விதவைகளுமே. தமது கணவரை 1968இல் இழந்த நான்சி ரெயிற் 1978இல் அமைத்த சங்கமும், 1984இல் கிளாஸ்கோவில் தோன்றிய கிளைட்சைட் அஸ்பெஸ்டோஸ் நடவடிக்கைக் குழுவும், 1992இல் உருவான கிளைட்பாங்க் குழுவும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவை. நீதிமன்றங்களில் எழுந்த வாதங்கள் விசித்திரமானவை. பல தளங்களில் வேலை செய்த ஒருவன் எந்தத் தளத்தின் இழையால் நோயுற்றான் என நிறுவ முடியாமையால் எவரும் பொறுப்பல்லர் என வாதிடப்பட்டது. 2002இல் பிரபுக்கள் சபை அதனை நிராகரித்தது. ஆனால் 2007இல் அதே சபை, சுவாசப்பைச் சவ்விற் கல்நாரால் ஏற்படும் தடிப்புத் தழும்புகள் நோய் அறிகுறி எதனையும் தராதவிடத்து நட்டஈட்டுக்குரிய தீங்காகா எனத் தீர்ப்பளித்தது. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் 2009இல் தனிச் சட்டமியற்றி அத்தழும்பையும் தீங்கெனப் பிரகடனம் செய்தது. காப்புறுதிக் கம்பனிகள் அச்சட்டத்தை எதிர்த்து வழக்காடி, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் தோல்வியுற்றன. உடலிலுள்ள தழும்பு ஒன்று தீங்கா அன்றா என்பதை முடிவு செய்யச் சபைகளும் நீதிமன்றங்களும் நான்கு ஆண்டுகள் மோதிக்கொண்டன!

கல்நாரின் வரலாறு கிளைட்டில் தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. வட கேப்பில் நீலக் கல்நார்க் கல்லைச் சுத்தியலால் உடைத்து இழை பிரித்தோர் ஆபிரிக்கப் பெண்களும் சிறுவருமாவர். 1893இல் இலண்டனிற் பதிவான கேப் கம்பனிக்கு எதிராக அவர்கள் இங்கிலாந்து நீதிமன்றத்திலேயே வழக்காட 2000ஆம் ஆண்டிற்றான் அனுமதி பெற்றனர். மறுமுனையில், கல்நாரைச் சுமந்த கப்பல்கள் முதுமையுற்று ஆசியக் கரைகளுக்கு வந்து சேர்ந்தன. பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பலான கிளெமென்சோ 2006இல் குஜராத்தின் அலங் கரைக்கு வரும் வழியில், இந்திய உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டாலும் பலரது எதிர்ப்பாலும் திருப்பியழைக்கப்பட்டது. அதே ஆண்டில் வேறொரு பிரெஞ்சுக் கப்பல், 'புளூ லேடி' என்ற புதுப் பெயருடன் அலங்கில் வந்து நின்றது. பெயரை மாற்றலாம், சுவர்களுள் இருப்பதை மாற்ற முடியாது.

எமது நாட்டிலோ கல்நார் கப்பலின் வயிற்றிலன்றிக் கூரையில் உள்ளது. நீலக் கல்நார் 1987இல் தடைசெய்யப்பட்டது. வெண் கல்நாரைப் படிப்படியாக நிறுத்துவதென அரசு பின்னர் தீர்மானித்து, இறக்குமதிக் கட்டுப்பாடு 2018 தொடக்கத்தில் நடைமுறைக்கு வரவிருந்தது. 2017 டிசெம்பரில், தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதெனக் கூறி ரஷ்யா இலங்கைத் தேயிலையின் இறக்குமதியை நிறுத்தியது. எமக்குக் கல்நாரை விற்கும் பிரதான நாடும் ரஷ்யாவே. கொழும்பு தனது கல்நார்த் தடையைத் தளர்த்தியது. அம்மாத முடிவிற்குள் ரஷ்யாவும் தேயிலைத் தடையை நீக்கிற்று.